மாட்டை யார் பார்த்துக்கொள்வது?

பேராவூரணி வட்டத்தில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது அந்தக் கிராமம். போன மே மாதம் அங்கே ஒரு வீட்டில் மூன்று நாளாக ஒரே வாக்குவாதம். ஏழாம் வகுப்பு முடித்த பையன் காலையில் கைப்பேசியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் கீழே வைக்கிறான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண், முடிவை நினைத்து வீட்டுக்குள்ளேயே சுற்றிவருகிறாள். "ஒரு நாளாவது எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்பது வீட்டுக்கார அம்மாவின் கோரிக்கை. வீட்டுக்காரரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது.

"போகலாம். மாட்டை யாரு பாக்குறது?"

விவசாயக் குடும்பங்கள் ஊரைவிட்டு நகராததற்குப் பணம்தான் காரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பணமும் ஒரு காரணம்தான். ஆனால், அதற்கு முன்னால் கட்டுத்தறியில் ஒரு மாடு நிற்கிறது. காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கறந்தாக வேண்டும். சங்கத்துக்குப் பால் ஊற்ற வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சாவு இவற்றுக்கு ஓடிப்போய் ஓடிவரலாம், மற்றதற்கு முடியாது. இதிலேயே இருபது வருடம் போய்விடுகிறது.

அந்த வீட்டுக்காரருக்கு மூன்று ஏக்கர் நிலம். பாதி நெல், பாதி தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. கறவையில் இரண்டு கலப்பினப் பசுக்கள். அவர் ஊரே தாண்டாதவர் அல்லர். வேளாண்மைத் துறையின் அட்மா திட்டத்தில் இரண்டு முறை கண்டுணர்வு சுற்றுலா போய் வந்திருக்கிறார். ஒரு முறை கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், இன்னொரு முறை திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம். அந்த நாட்களில் மாட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று மனைவி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். "சரி, அம்மா வீட்ல இருக்கட்டும். அது மாட்டைப் பாத்துக்கும். நம்ம நாலு பேரும் போயிட்டு வருவோம்."

பெரும்பாலான வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடும். வயதானவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்புவார்கள். இங்கே மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தைக்கு எழுபது வயசாச்சு. கல்லணைத் தண்ணிய நம்பித்தான் இத்தனை வருஷம் நாத்து நட்டிருக்காங்க. அந்தக் கல்லணையை ஒரு தடவை பாத்திருக்காங்களா? அவங்க வந்தாத்தான் நானும் வருவேன்."

எங்கே போவது என்பது அந்தப் பேச்சிலேயே முடிவாகிவிட்டது.

மாற்று முறை

மாட்டுக்கான ஏற்பாடு எதிர்வீட்டில் கிடைத்தது. அவர்களுக்கும் இரண்டு மாடு, அதே சங்கத்தில்தான் பால் ஊற்றுகிறார்கள். இந்த வீடு ஒரு நாள் போனால் அந்த வீடு பார்த்துக்கொள்ளும். அடுத்த வாரம் அந்த வீடு போனால் இந்த வீடு பார்த்துக்கொள்ளும். நடவுக்கும் களைக்கும் மாற்றாள் போகும் வழக்கம் கிராமங்களில் புதிதல்ல. அதையே ஓய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால், கலப்பின மாடு புது ஆளைக் கண்டால் பாலை இறக்காது. அதனால் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே எதிர்வீட்டு அம்மா வந்து தினமும் மாலையில் தீவனம் வைத்து, தட்டிக்கொடுத்து, பக்கத்தில் நின்றார். கடைசி இரண்டு நாள் அவரே கறந்தார். தீவனத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆள் மாறும் நாளில் தீவனமும் மாறினால் மாட்டுக்கு இரட்டைச் சிரமம். வழக்கமான வைக்கோல், பசுந்தீவனம், அடர்தீவனம் மூன்றையும் அளந்து, வேளை வேளையாகப் பிரித்து வைத்தார்கள். மே மாத வெயிலில் கறவைப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். தொட்டியை நிரப்பிவைத்ததோடு நடுப்பகலில் ஒரு முறை பார்க்கவும் சொல்லிவைத்தார்கள். கட்டுத்தறி மரநிழலில் இருந்தது. தகரக் கொட்டகையாக இருந்தால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கால்நடை ஆம்புலன்சின் 1962 என்ற எண்ணைச் சுவரில் கரியால் எழுதினார் வீட்டுக்காரர். மாடு சினையாக இருந்து கன்று ஈனும் நாள் நெருங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி. அந்தக் காவலை எந்த எதிர்வீட்டிடமும் ஒப்படைக்க முடியாது.

நாள் குறிப்பதிலும் கணக்கு உண்டு. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை முடிந்து, அதன் பிறகு தெளித்த உளுந்தும் பயறும் ஏப்ரலில் வீடு வந்துவிடும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறிக்கும் நாள் ஜூன் 12. இடையில் கோடை மழை பெய்தால் ஒரு உழவு ஓட்டுவது, மண் மாதிரி எடுப்பது, தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது என்பவை தவிர அவசர வேலை இல்லை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். இந்தக் குடும்பம் கோடை உழவை முடித்து, முந்தின நாள் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பியது. சனி, ஞாயிறு என்றால் பேருந்தில் பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்காது.

விடியலில் பெரிய கோயில்

அதிகாலை நாலரைக்குப் பேருந்து. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகப் போய், ஏழு மணிக்கு முன்பே பெரிய கோயில் வாசலில் இறங்கினார்கள். கோடையில் இந்தக் கோயிலுக்கு இதுதான் நேரம். பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் அந்தக் கருங்கல் தரையில் நடக்க முடியாது. பிள்ளைகள் நிழலுக்கு நிழல் குதித்து ஓடுவார்கள், வயதானவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை.

1010-இல் கட்டி முடிக்கப்பட்ட கோயில், 216 அடி உயர விமானம், ஒரே கல்லில் செய்த நந்தி என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். வீட்டுக்காரரை நிறுத்தியது சுவரில் இருந்த எழுத்துதான். எந்தெந்த ஊர் கோயிலுக்கு எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்பதை ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காக இடையர்களிடம் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை நம்மால் வாசிக்க முடியாது. ஆனால், விவரம் தெரிந்து பார்த்தால் அது வெறும் சுவராக இருக்காது. கணக்கைக் கேட்ட பாட்டி, "அப்பவும் மாட்டை எவன்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுத்தான் காரியம் பாத்திருக்காங்க" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கால்வாய் போகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். அதுதான் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 148 கி.மீ. ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. மே மாதம் என்பதால் தண்ணீர் இல்லை. அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் கரைக்கும் தரைக்கும் கான்கிரீட் போட்டிருப்பது நன்றாகத் தெரிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் வரும் என்று ஒரு பக்கமும், வழியில் நிலத்தடி நீர் ஊறாமல் போகும் என்று இன்னொரு பக்கமும் விவசாயிகள் பேசுவது இதைப் பற்றித்தான். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

"நம்ம ஊர் வாய்க்காலுக்கு வர்றது இதுதானா?" என்று கேட்டான் பையன். அன்று அவன் கைப்பேசியைத் தொடாமல் கேட்ட முதல் கேள்வி.

நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போய், அங்கிருந்து கல்லணை. காவிரிக் கரையோரச் சாலை, இரண்டு பக்கமும் வாழை, நெல் வயல்கள். சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருச்சி வழியாக வருபவர்களுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணைக்கு நகரப் பேருந்து உண்டு.

கல்லணையை வெள்ளம் ஓடும்போது பார்ப்பதுதான் அழகு என்று பலரும் ஆடியில் போவார்கள். அழகு அப்போதுதான். ஆனால், அணை எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, ஆறு வற்றிக் கிடக்கும் கோடையே நல்லது. மதகு, கதவு, தரை, எந்த வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் தண்ணீர் மறைக்காமல் தெரியும்.

மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடியும் இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தடுக்காமல் விட்டால் காவிரித் தண்ணீர் அதில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும். அந்த இடத்தில்தான் கரிகாலன் ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்குக் கல்லைப் போட்டு அடைத்தான். ஆற்று மணலில் பெரிய பாறைகளைப் போட, அவை அரித்து அரித்துக் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு பாறை. இடையில் களிமண். இப்படி மணலுக்குள்ளேயே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணல் ஆற்றில் அணை கட்டும் முறையை இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் 1836-இல் அவர் அணைகள் கட்டினார். கல்லணையில் யானை மேல் அமர்ந்த கரிகாலனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. காட்டனுக்கும் சிலை இருக்கிறது.

பாலத்தின் மேல் நடந்தால் நான்கு வாய்களையும் வரிசையாகப் பார்க்கலாம். தெற்கிலிருந்து கல்லணைக் கால்வாய், வெண்ணாறு, காவிரி, அதற்கப்பால் கொள்ளிடம். பாட்டி மெதுவாகத்தான் நடந்தார். பேத்தி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கல்லணைக் கால்வாயின் மதகுக்கு முன்னால் வந்ததும் பாட்டி நின்றுவிட்டார்.

"இதுதான் நம்மளுதா?"

"ஆமா அப்பாயி."

மற்ற வாய்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "நாலு பிள்ளையில நம்மளுதுதான் சின்னப் பிள்ளை. அதான் சோறு கடைசியா வருது."

பாட்டி நாற்று நட்ட காலத்தில், கல்லணை திறந்து இத்தனை நாளாகியும் தண்ணீர் வரவில்லை என்று ஊரே வாய்க்கால் தலைப்பில் போய்ப் படுத்துக் கிடந்த ஆண்டுகள் உண்டு. அந்தக் கதைகளை அவர் வீட்டில் சொன்னால் பிள்ளைகள் காது கொடுப்பதில்லை. பாலத்தில் நின்று சொன்னபோது இரண்டு பேரும் கேட்டார்கள். பேத்தி, பேருந்தில் வந்த தூரத்தையும் கால்வாயின் நீளத்தையும் வைத்துத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகும் என்று தாத்தா காலத்துப் பெரிய மனுஷி மாதிரிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். வழியில் எத்தனை மதகு திறந்திருக்கும் என்று தெரியாமல் அந்தக் கணக்கு வராது என்றார் அப்பா.

இறங்கக் கூடாத தண்ணீர்

மதியம் 12 முதல் 3 மணி வரை மரத்தடிதான். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு, பிள்ளைகளுக்குத் தயிர்ச்சோறு. காலையில் பாலூற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியத்துக்குப் புளிக்காமல் பக்குவமாக இருக்கும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு கேன். வழியில் வாங்கிய நுங்கு. அணைப் பக்கத்தில் வறுத்த மீன் விற்கிறார்கள். பையனுக்கு ஒரு துண்டு கிடைத்தது. நடந்த பாட்டிக்குத் தலை சுற்றியது. மோர் குடித்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுப் படுத்ததும் சரியானது. ஒருவேளை வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது மோரில் சரியாகிற விஷயம் அல்ல. உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

பையனுக்கு ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசை. மணலாகக் கிடக்கும் ஆற்றில் அங்கங்கே குட்டைபோலத் தெளிந்த தண்ணீர். ஊர்க் குளத்தில் நீந்துகிற பையன்தான். அப்பா விடவில்லை. அவன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இந்த ஓர் இடத்தில் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வெளியூர்ப் பிள்ளைகளின் உயிர் போகிறது. அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. குளத்தின் தரை அவர்களுக்குத் தெரியும். ஆற்றின் தரை தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே இருக்கும். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து குடைந்த மடு வற்றிய ஆற்றிலும் வற்றாது. ஒருவன் மூழ்கினால் காப்பாற்றக் குதிக்கிறவனும் மூழ்குகிறான். வேட்டி, சேலை, நீளக் கம்பு எதையாவது கரையிலிருந்து நீட்ட வேண்டுமே தவிர, பின்னால் குதிக்கக் கூடாது. குளித்தே ஆக வேண்டுமென்றால் உள்ளூர் மக்கள் குளிக்கும் படித்துறையில், பெரியவர்கள் கூட நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில்.

இன்னொன்று, வண்டி. நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் தேங்காய் ஏற்றும் சுமை வண்டியில் பாயை விரித்துக் கிளம்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகைக்கு அலைய வேண்டிவரும் என்பதெல்லாம் ஒரு பக்கம். திருப்பத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத வண்டி அது. ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வேன் பிடிக்கலாம், இல்லாவிட்டால் பேருந்து.

அவரவர் தண்ணீர்

எல்லாரும் கல்லணைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த இடம் பெரும்பாலும் ஒரு பகல் தூரத்தில்தான் இருக்கிறது, பூங்காவும் நிழலும் அங்கே இருக்கும். கீழ்பவானி பாசனக்காரர்களுக்குப் பவானிசாகர். போகிற வழியில் கொடிவேரி. மதுரை, சிவகங்கைப் பக்கம் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை. பெரியாற்றுப் பாசனக்காரர்கள் இன்னும் கொஞ்சம் மேலே போனால் லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. உடுமலைப் பகுதிக்கு அமராவதி அணையும் அதன் முதலைப் பண்ணையும். தென்பெண்ணைப் பாசனத்துக்குச் சாத்தனூர்.

திருச்சியில் உறவினர் வீடு இருந்து இரவு தங்க முடிந்தால், மறுநாள் முக்கொம்பும் ஸ்ரீரங்கம் மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் பார்க்கலாம். எந்தச் செடியில் எந்தப் பூச்சி முட்டையிடும் என்று அங்கே பார்க்கிற பிள்ளை, புழு என்றாலே மருந்தடிக்கும் அப்பாவிடம் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கும். கேட்கட்டும்.

இந்தக் குடும்பத்துக்கு ஐந்து பேரும் போய் வந்த பேருந்துக் கட்டணம், காலைப் பலகாரம், நுங்கு, மீன், பையனுக்கு ஒரு பந்து, பேத்திக்கு வளையல் எல்லாம் சேர்த்து ரூ.1,340 ஆனது. வீட்டுக்கார அம்மா பால் அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பேருந்தில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, 12 வயது வரை அரைக் கட்டணம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடக் குறையும்.

இரவு பத்தரைக்கு ஊர் திரும்பினார்கள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே கட்டுத்தறிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மாலையில் ஒரு மாடு மட்டும் அரை லிட்டர் குறைவாகக் கறந்ததாகச் சொன்னார் எதிர்வீட்டு அம்மா. மறுநாள் காலையில் அதுவும் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் எதிர்வீட்டார் கோடியக்கரைக்கு வெளிமான் பார்க்கப் போனார்கள். அவர்கள் வீட்டுச் செவலைப் பசு, இந்த வீட்டு அம்மாவை முதல் நாளே உதைத்துப் பால் வாளியைக் கவிழ்த்தது. நான்கு நாள் பழக்கம் போதவில்லை. செவலைக்கு ஒரு வாரம் வேண்டும் என்று இப்போது பேசிவைத்திருக்கிறார்கள்.